சிறையில் டிபி: வாசலில் பிடிப்பதா, கொட்டடியில் தடுப்பதா?

அடுக்கம்பாறை லேப்:
சிறைகளில் காசநோயைத் தடுக்க இருக்கிற பணத்தை எங்கே போடுவது என்றால், உள்ளே வரும் வாசலில்தான் என்பேன். ரிமாண்டில் வருகிற ஒவ்வொருவருக்கும், இருமல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அட்மிஷன் அன்றே நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நிழல் தெரிந்தால் சளி எடுத்து, அதில் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ட்ரூநாட் சோதனை. இருமல், காய்ச்சல், எடைக்குறைவு, ராத்திரி வியர்வை என்று நாலு கேள்வி கேட்டு உள்ளே அனுப்புவது பத்தாது. 2019–21 தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில் கண்டுபிடித்தவர்களில் 42.6 சதவீதம் பேர் எக்ஸ்ரே இல்லாவிட்டால் தவறிப் போயிருப்பார்கள். கையில் தூக்கிப் போகிற எக்ஸ்ரே கருவி வந்துவிட்டது. இனி ஒவ்வொரு கைதிக்கும் வழிக்காவல் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகத் தேவையில்லை. கூட்டத்தைக் குறைப்பது, கட்டடத்தை மாற்றுவது எல்லாம் நம் கையில் இல்லாத காரியம்.

கோட்டை அகழி:
சார், வாசல் எக்ஸ்ரேயில் அன்றைக்கு இருக்கிற நோய் மட்டும்தான் தெரியும். கிருமி உள்ளே அடங்கிக் கிடக்கிறவருக்குப் படம் சுத்தமாகவே வரும். அவர்களில் நோயாகிறவர்களுக்குப் பெரும்பாலும் தொற்றிய முதல் இரண்டு வருஷத்துக்குள் ஆகும். அதாவது கொட்டடிக்குள் இருக்கும்போது. சாயங்காலம் லாக்கப் ஆனால் விடியும்வரை எல்லோரும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள்.

மத்திய உள்துறை அமைச்சகத்தின் 2016 மாதிரிச் சிறைக் கையேடு கொட்டடியில் ஒரு ஆளுக்கு 3.71 சதுர மீட்டர் தரை, 15.83 கன மீட்டர் காற்று, 1.12 சதுர மீட்டர் பக்கத் திறப்பு கேட்கிறது. 20 பேருக்குத் திறப்பு மட்டும் 22.4 சதுர மீட்டர், தரைப் பரப்பில் 30 சதவீதம். காற்றில் பரவும் நோய்களுக்கான நம் நாட்டு வழிகாட்டியே 20 சதவீதம்தான் கேட்கிறது. ஆக ஏட்டில் குறை இல்லை. மார்கழிக் குளிருக்குச் சன்னலில் சாக்கைக் கட்டி மறைப்பதும், தூசி அடைத்த கொசுவலையும், எதிர்ச் சுவரில் திறப்பே இல்லாத அறையும்தான் கெடுக்கின்றன. சீலிங் ஃபேன் புதுக் காற்றைக் கொண்டுவராது, இருப்பதையே கலக்கும்.

அந்த 20 பேர் கொட்டடியின் கொள்ளளவு சுமார் 317 கன மீட்டர். தொற்றுநோய் வார்டுக்குச் சொல்லும் அளவில் மணிக்கு 12 முறை காற்று மாற வேண்டுமானால் மணிக்குச் சுமார் 3,800 கன மீட்டர் காற்றை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும். வாங்கிவிட்டு அதைத் திறந்த சன்னலுக்குப் பக்கத்திலேயே மாட்டினால் பணம் வீண். பக்கத்துச் சன்னலில் நுழையும் காற்று அப்படியே வெளியே போய்விடும், படுத்திருக்கிறவன் தலைமாட்டுக் காற்று அசையாது. எதிர்ச் சுவரில் மாட்டி, ஃபேன் பக்கத்துச் சன்னல்களை மூட வேண்டும். சோதிக்க ஊதுபத்தி போதும். பாய் விரிக்கிற உயரத்தில், மூலைக்கு மூலை பிடித்துப் பாருங்கள். புகை நின்ற இடத்திலேயே சுழன்றால் அந்த மூலையில் காற்று மாறவில்லை.

சத்துவாச்சாரி வக்கீல்:
நீங்கள் இருவருமே 20 பேர் இடத்தில் 20 பேர்தான் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். அதே அறையில் 40 பேர் என்றால் ஆளுக்கு 1.85 சதுர மீட்டர் தரை, 7.9 கன மீட்டர் காற்று. நோயாளி இருக்கும் வாய்ப்பும் இரட்டிப்பு, தொற்று வாங்கக்கூடியவர்களும் இரட்டிப்பு. காற்று அதேதான். அப்போது புதிதாகத் தொற்றுகிறவர்கள் கிட்டத்தட்ட நாலு மடங்கு ஆவார்கள். எந்த எக்ஸாஸ்டும் இதை ஈடுகட்டாது.

நம் நாட்டுச் சிறைகளில் பெரும்பகுதி விசாரணைக் கைதிகள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 479-ஆம் பிரிவுப்படி அதிகபட்ச தண்டனையில் பாதியைக் கழித்தவருக்கு ஜாமீன், முன்பு எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்தாலே போதும். நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை என்று சட்டமே சொல்கிறது. கோவிட் வந்தபோது 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மாநிலத்துக்கு மாநிலம் உயர்மட்டக் குழு அமைக்கச் சொல்லிக் கூட்டத்தைக் குறைத்தது. டிபிக்கு மட்டும் ஏன் 'நம் கையில் இல்லை'?

அடுக்கம்பாறை லேப்:
வக்கீல் சார், ஆயுள், மரண தண்டனைக்குரிய வழக்கும், ஒன்றுக்கு மேல் வழக்கு நிலுவையில் இருப்பவரும் 479-ல் வரமாட்டார்கள். மற்றவர்களும் மாதக்கணக்கில் உள்ளே இருந்த பிறகுதான் வருவார்கள். அதுவரை யார் பக்கத்தில் படுப்பது? வாசலில் பிடிக்கப்படாத ஒருவர் பக்கத்தில்தான்.

வாசல் பரிசோதனை தோற்கிற இடத்தைச் சொல்கிறேன், கருவியில் தோற்பதில்லை. குப்பியைக் கொடுத்து 'துப்பு' என்றால் எச்சில்தான் வரும். வாயைக் கொப்பளித்து, ஆழமாக மூச்சிழுத்து, அடிநெஞ்சிலிருந்து இருமச் சொல்லி, கெட்டியான சளி 2 மில்லியாவது வாங்க வேண்டும். திறந்த வெளியில், மற்றவர்கள் இல்லாத இடத்தில். ஒன்று உடனே, இன்னொன்று மறுநாள் காலை எழுந்ததும். ரிசல்ட் வரும்வரை அவரைப் பொதுக் கொட்டடிக்கு அனுப்பக் கூடாது. ட்ரூநாட் ஓரிரு மணியில் சொல்லும். கிருமி இருந்தால், முக்கிய டிபி மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது எதிர்ப்புக் காட்டுகிறதா என்று அதே கருவியில் அடுத்த சிப்பும் ஓட்ட வேண்டும். அதை விட்டுவிட்டு மருந்தை ஆரம்பித்தால், வேலை செய்யாத மாத்திரையைத் தின்றுகொண்டே அவர் பரப்புவார். கோட்டை அகழி சொன்ன மறைந்த தொற்றுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை எல்லோருக்கும் எக்ஸ்ரே போட்டாலே பதில் கிடைக்கும்.

கோட்டை அகழி:
ஆறு மாதம் என்பது லாக்கப்பில் 180 ராத்திரி சார். இரண்டு படங்களுக்கு நடுவில் நோயாகிறவரிடமிருந்து மற்றவர்களைக் காப்பாற்ற சன்னலைத் தவிர எது இருக்கிறது? சாக்கை அவிழ்க்கப் பணமே வேண்டாம். குளிருக்குக் கூடுதல் கம்பளி கொடுத்தால் அவர்களே மூடமாட்டார்கள். வேலூர் தொரப்பாடியில் சிறை அதிகாரிகளுக்கான பயிற்சிக் கழகம் 1979-லிருந்து இருக்கிறது. பயிற்சிக்கு வரும் அதிகாரிகள் கையில் ஒரு ஊதுபத்தியும் அளவு டேப்பும் கொடுத்து, ஒரு அறையை அளந்துவரச் சொல்லலாம்.

காட்பாடி ரோடு:
உள்ளே வருவதைப் பற்றியே பேசுகிறீர்கள். வெளியே போவது? டிபி மருந்து நாலு வகை 2 மாதம், பிறகு மூன்று வகை 4 மாதம், தினமும். 35 முதல் 49 கிலோ எடைக்கு 3 மாத்திரை, 50 முதல் 64 கிலோவுக்கு 4. சிறைக்குள் சரியாகவே நடக்கும், எதிரிலேயே விழுங்க வைக்கலாம். ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சாகப் போகும் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பயந்து நிறுத்தவும் மாட்டார்கள்.

சத்துவாச்சாரி கோர்ட்டில் ஜாமீன் கிடைத்து, உத்தரவு மாலையில் வந்து சேர்ந்தால் அன்றே வெளியே. அந்த நேரத்தில் மருந்தாளுநர் இருக்க மாட்டார். ஆள் ஆம்பூரோ ஆரணியோ போய்விடுவார், மருந்து உள்ளேயே இருக்கும். இரண்டு மூன்று வாரம் விட்டுவிட்டு மறுபடி பிடிபட்டு வந்தால் மருந்து எதிர்ப்புக் கிருமியோடு வரக்கூடும். அதனால் சிகிச்சை தொடங்கும் அன்றே அவர் பெயரில் ஒரு மாத மருந்து, நிக்ஷய் (அரசின் காசநோயாளி பதிவு இணையதளம்) எண், ஊரிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெயர், மூன்றையும் ஒரு பொட்டலமாகக் கட்டி, கேட்டில் அவருடைய சொந்தச் சாமான்களோடு வைக்க வேண்டும். மறுநாள் காலை நிக்ஷயில் அவரை அந்த மாவட்டத்துக்கு மாற்றிவிட வேண்டும். மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்துத் தொகைக்கு வங்கிக் கணக்கு எண்ணையும் உள்ளே இருக்கும்போதே வாங்கி ஏற்றலாம். கோர்ட்டும் ஜாமீன் உத்தரவிலேயே 'சிகிச்சையில் உள்ளார்' என்று ஒரு வரி எழுதினால் கேட்டில் யாரும் மறக்க மாட்டார்கள்.

சத்துவாச்சாரி வக்கீல்:
பொட்டலம் சரி, இன்றே செய்யலாம். அந்த ஒரு வரி கூடவே கூடாது. ஜாமீன் உத்தரவு ஜாமீன்தாரர் கையில் போகும், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும், ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். வீட்டில் சேர்க்கமாட்டார்கள், வேலையும் போகும். அப்புறம் அவன் மருந்தோடு தலைமறைவாகத்தான் ஆவான். கேட் பதிவேட்டில் 'பொட்டலம் உண்டு' என்று மட்டும் ஒரு குறி இருக்கட்டும். என்ன நோய் என்பது மருத்துவர் பதிவேட்டில் மட்டும்.

காட்பாடி ரோடு:
குறி மட்டும் என்றால், கையெழுத்து வாங்காமல் கேட்டைத் திறக்கக் கூடாது என்ற விதியும் சேர வேண்டும். பொட்டலத்தை வாங்கியதற்கு அவர் கையெழுத்து, கொடுத்ததற்கு வார்டர் கையெழுத்து. அதற்கு நீங்கள் ஒப்புக்கொண்டால் உத்தரவில் எழுதச் சொல்வதை நான் விட்டுவிடுகிறேன்.