ஹடூப் நோட்டில் டிஸ்க் மாற்ற வேண்டும், செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். ஹட்டனில் எங்களுடையது ஒரு சின்ன அலுவலகம். தோட்டங்களிலிருந்து வரும் கொழுந்து நிறை, மழை அளவுக் கணக்கெல்லாம் நான்கு நோட் (கணினி) சேர்ந்து டேட்டாவைப் பகிர்ந்து வைக்கும் ஹடூப் 3 கிளஸ்டரில் இருக்கின்றன. பிளாக்குக்கு, அதாவது கோப்பின் ஒவ்வொரு துண்டுக்கும், மூன்று பிரதி, வழக்கமான கணக்குத்தான்.

முன்பு இருந்தவர் டேட்டா டைரக்டரியை லினக்ஸ் இருக்கும் அதே டிஸ்க்கிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டாவது நோட் 96 சதவீதம் நிரம்பி, லாக் எழுதக்கூட இடமில்லாமல் திணறுகிறது. நோட்டுக்கு ஒன்றாக 4 டெராபைட் டிஸ்க் வாங்கியாயிற்று. பெட்டி பிரிக்காமல் என் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

என் எண்ணம்: டேட்டாநோடை (நோட்டில் பிளாக்குகளைக் கவனிக்கும் நிரல்) நிறுத்தி, பழைய டைரக்டரியை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல் மூலம் புதிய டிஸ்க்குக்கு அப்படியே நகலெடுத்து, அமைப்புக் கோப்பில் பாதையை மாற்றி, திரும்ப இயக்குவது. சிக்கல் நேரம்தான். சுமார் 600 ஜிபி, பல மணி நேரம் ஓடும். பத்தரை நிமிடம் சத்தம் இல்லையென்றால், எந்தப் பிளாக் எங்கே என்று கணக்கு வைக்கும் நேம்நோட் அந்த நோட் செத்துவிட்டது என்று முடிவுகட்டி, மற்ற நோட்டுகளில் பிரதி போடத் தொடங்கிவிடும். அங்கேயும் இடம் தாராளமாக இல்லை.

நோட்டை மெயின்டெனன்ஸ் நிலையில் (பிரதி போடத் தொடங்காமல் பொறுத்திருக்கச் சொல்வது) போட்டுவிட்டுச் செய்வது சரியா? அல்லது பழைய, புதிய இரண்டு பாதையையும் கமா போட்டு வைத்துவிட்டு, ஒரே நோட்டின் டிஸ்க்குகளுக்குள் டேட்டாவைப் பங்கிடும் டிஸ்க்பேலன்ஸரை ஓடவிட்டால் போதுமா? எனக்கென்னவோ அது அரைகுறை வேலையாகத் தெரிகிறது, லினக்ஸ் டிஸ்க்கில் டேட்டா இருந்துகொண்டேதானே இருக்கும்.

மழை வேறு விடாமல் பெய்கிறது. கரண்ட் போனால் யூபிஎஸ் இருபது நிமிடம்தான் தாங்கும். சனிக்கிழமை இரவு தொடங்கலாம் என்றிருக்கிறேன். அதற்குள் யாராவது சொல்லுங்கள்.