தாத்தாவின் சான்சுயி: இடது பக்கம் சத்தம் வரவில்லை

குழு: தோ பாயோ குடும்பம்

சனிக்கிழமை

கவின் 8.52
எல்லாருக்கும் காலை வணக்கம். தாத்தாவின் சான்சுயி ஆம்ப்ளிஃபையர் பெட்டியில் இடது ஸ்பீக்கர் விட்டு விட்டுப் பாடுகிறது. நேற்று அக்கா மகன் கூடத்தில் ஓடியபோதெல்லாம் சத்தம் போய்ப் போய் வந்தது. சித்தப்பா, நேரம் இருந்தால் பாருங்கள்.

கவின் 8.53
(படம்)
இது பின்பக்கம்.

கவின் 8.55
எட்டு பைண்டிங் போஸ்ட் (ஸ்பீக்கர் ஒயரைத் திருகி முடுக்கும் முனை) வாங்கி வைத்திருக்கிறேன், தங்க முலாம் பூசியது. ஒயரைக் கவ்வும் பழைய ஸ்பிரிங் கிளிப்பைக் கழற்றிவிட்டு, பின் தகட்டில் துளை போட்டு இதை மாட்டலாம் என்று நினைக்கிறேன். ட்ரில் எதிர்வீட்டு அண்ணனிடம் இருக்கிறது.

மீனா அத்தை 9.01
துளையா? அப்பா அந்தப் பெட்டியை மெல்லிய துணியால் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார். எங்களைத் தொடவே விடமாட்டார்.

செல்வம் சித்தப்பா 9.04
கவின், முதலில் அதை அணை. சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையும் பிடுங்கு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது சிவப்புக் கிளிப்பிலிருந்து ஒரு செம்பு இழை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கும் கறுப்புக் கிளிப்புக்கும் நடுவில் ஒரு நெல்மணி அளவு இடைவெளிதான்.

கவின் 9.06
பிடுங்கிவிட்டேன். ஒயர் நாலு சதுர மி.மீ., கிளிப்புக்குள் போகவில்லை. பாதி இழைகளை வெட்டிவிட்டு மீதியை நுழைத்தேன்.

செல்வம் சித்தப்பா 9.15
அந்தக் கிளிப் 70-களில் செய்தது. அன்றைக்கு மெல்லிய ஒயர்தான், அதற்கேற்ற ஓட்டை. தடித்த ஒயரை வெட்டித் திணித்தால் வெட்டுப்பட்ட இழைகள் பூனை மீசை மாதிரி சுற்றி நிற்கும். அதில் ஒன்று பக்கத்துக் கிளிப்பைத் தொட்டால் போதும்.

1987 தீபாவளிக்கு முதல் நாள் இதே பெட்டியில் இதே வேலையை நான் செய்தேன். அப்பா டேக்காவுக்குப் போயிருந்தார். சத்தத்தைக் கூட்டியதும் 'டப்' என்றது, வலது பக்கம் செத்துவிட்டது. ஃபியூஸ் மட்டுமில்லை, ஸ்பீக்கரை ஓட்டும் வெளியீட்டு ட்ரான்சிஸ்டர் இரண்டும் போய்விட்டன. ஒரு கடையில் கொடுத்தோம். ஏதோ கைக்குக் கிடைத்த ட்ரான்சிஸ்டரைப் போட்டுத் தந்தார்கள். இரண்டு வருடம் வலது பக்கம் கரகரத்தது. அப்புறம் அப்பாவே சரியான எண்ணைத் தேடிப் பிடித்து மாற்ற வைத்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதனால்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

மீனா அத்தை 9.18
எனக்கு நினைவிருக்கிறது அண்ணா. அந்தத் தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு வானொலியைத்தான் கேட்டோம்.

தேவி அக்கா 9.20
என் மகன் அந்த ஒயரைத்தான் பிடித்து இழுக்கிறான். அவனுக்கு ஷாக் அடிக்குமா சித்தப்பா?

செல்வம் சித்தப்பா 9.24
வீட்டில் பாட்டுக் கேட்கும் அளவுக்கு அந்த முனையில் ஆபத்தான வோல்ட் வராது. ஆனால் அவன் இழுத்தால் ஒயர் பாதி கழன்று ஷார்ட் ஆகும், பெட்டிக்குத்தான் ஆபத்து. அலமாரியின் பின்காலில் ஒயரை ஒரு டையால் கட்டிவிடுங்கள். இழுத்தாலும் முனைக்கு வராது.

செல்வம் சித்தப்பா 9.31
கவின், எதையும் கழற்றுவதற்கு முன்னால் எங்கே கோளாறு என்று தெரிய வேண்டும். இந்த வயதுப் பெட்டியில் ஒரு பக்கம் போனால் ஸ்பீக்கராக இருக்கலாம், ஒயராக இருக்கலாம், கிளிப்பாக இருக்கலாம். உள்ளே ஏ, பி என்று இரண்டு ஜோடி ஸ்பீக்கரில் எது என்று தேர்வு செய்யும் சுவிட்ச் கறுத்திருக்கலாம். ரிலே (மின்சாரத்தால் தானாகத் திறந்து மூடும் சுவிட்ச்) இருந்தால் அதன் முனையும் கறுக்கும். நீட்டிய இழைகளை வெட்டிவிட்டு, பெட்டி அணைந்திருக்கும்போதே இடது ஒயரை வலது கிளிப்பிலும் வலது ஒயரை இடது கிளிப்பிலும் மாட்டு. பிறகு மெல்லிய சத்தத்தில் போட்டுப் பார். ஊமையாவது அதே ஸ்பீக்கர் என்றால் கோளாறு ஸ்பீக்கரில் அல்லது ஒயரில். மறு ஸ்பீக்கர் ஊமையானால் கோளாறு பெட்டியில்.

கவின் 10.02
மாற்றிவிட்டேன். இப்போது வலது ஸ்பீக்கர் ஊமை. பெட்டிதான். ஆனால் இடது சிவப்புக் கிளிப்பின் நெம்பை விரலால் அழுத்தினால் சத்தம் வந்துவிடுகிறது, விட்டால் போய்விடுகிறது.

செல்வம் சித்தப்பா 10.04
அப்படியென்றால் உள்ளே எதுவும் இல்லை, கிளிப்தான். அணைத்துவிட்டு, டார்ச் அடித்து அதன் வாயைக் கிட்டத்தில் படம் எடு.

கவின் 10.11
(படம்)
உள்ளே இருக்கும் பித்தளை நாக்கு கறுத்துப்போய் இருக்கிறது. ஓரத்தில் பச்சையாக ஏதோ படிந்திருக்கிறது. வலது பக்க நெம்பு 'டக்' என்று திரும்புகிறது, இடது பக்கம் மெதுவாக, சோர்ந்த மாதிரி திரும்புகிறது.

மீனா அத்தை 10.15
அந்தப் படத்தில் கிளிப்புக்கு மேலே எழுதியிருக்கிறதே, அது அப்பா கையெழுத்து. 'இ', 'வ' என்று இடதுக்கும் வலதுக்கும் மார்க்கரில் எழுதினார். இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்து அம்மா குழம்பிவிடுவார் என்று அவருக்காக எழுதியது.

தேவி அக்கா 10.16
இத்தனை வருடமாக அது ஏதோ கீறல் என்று நினைத்தேன் அத்தை.

மீனா அத்தை 10.19
அண்ணா, சுத்தம் செய்து அப்படியே வைத்துக்கொள்ள முடியாதா?

செல்வம் சித்தப்பா 10.34
முடியும் மீனா. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்து, கான்டாக்ட் கிளீனர் விட்டு, ஒயர் முனையில் ஊசி மாதிரியான 'பின்' கனெக்டர் போட்டால் தடித்த ஒயரும் அந்தச் சிறிய ஓட்டைக்குள் போகும், இழையும் நீட்டாது. ஸ்பிரிங் நன்றாக இருக்கும் பெட்டிக்கு நான் அதைத்தான் சொல்வேன், வேறெதையும் தொட விடமாட்டேன். ஆனால் இங்கே ஸ்பிரிங்கே சோர்ந்துவிட்டது. அழுத்தம் குறைந்தால் ஈரக்காற்று உள்ளே போகும், நம் சிங்கப்பூரில் வருடம் முழுக்க ஈரம்தான். இன்றைக்குத் துடைத்தாலும் மறுபடி கறுக்கும். மாற்றத்தான் வேண்டும்.

ஆனால் தகட்டில் துளை வேண்டாம்.

கவின் 10.36
ஏன் சித்தப்பா? எல்லா வீடியோவிலும் ட்ரில்தான் செய்கிறார்கள்.

செல்வம் சித்தப்பா 10.52
தகட்டைத் துளைத்தால் இரும்புச் சீவல் உள்ளே விழும். ஒரு சீவல் போதும் போர்டில் இரண்டு தடங்களைச் சேர்க்க, அதை நீ தேடிக் கண்டுபிடிக்கவும் முடியாது. அடுத்தது, போஸ்ட் இரும்பில் உட்கார்ந்தால் நடுவில் இருக்கும் புஷ் என்ற பிளாஸ்டிக் வளையம்தான் காவல். துளை அரை மில்லிமீட்டர் தப்பினால் புஷ் கோணலாகும், சிவப்பு போஸ்ட் சேசிஸை, அதாவது பெட்டியின் இரும்புக் கூட்டை, தொடும். 1987 கதைதான் மறுபடி. எல்லாவற்றுக்கும் மேல், துளைத்த தகட்டை மறுபடி மூட முடியாது.

பழைய கிளிப் வரிசையைக் கழற்றினால் அங்கே ஒரு நீள்சதுர வாயும் இரண்டு திருகாணி ஓட்டையும் இருக்கும். அந்த வாயை மூடும் அளவுக்கு மூன்று மி.மீ. பேக்கலைட் தகட்டை வெட்டி, போஸ்ட்டை அதில் உட்கார வைத்து, அதே திருகாணி ஓட்டையில் முடுக்கினால் போதும். பேக்கலைட்டில் மின்சாரம் ஓடாது, உன் பெட்டியில் ஒரு கீறல் விழாது. நாளைக்கே பழையதைத் திரும்ப மாட்டலாம். கப்பல் பட்டறையில் வேலை பார்த்தபோது வாங்கிய துண்டு ஒன்று என்னிடம் இருக்கிறது.

மீனா அத்தை 10.54
அப்படியென்றால் எனக்குச் சம்மதம்.

செல்வம் சித்தப்பா 10.58
வாயின் அளவை எனக்கு அனுப்பு. ஒரு ஸ்பீக்கரின் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவில் மையத்திலிருந்து மையம் 19 மி.மீ. வைக்கிறேன். ஒயர் முனையில் மாட்டும் இரட்டைப் பனானா பிளக் அந்த அளவில்தான் வரும். பி வரிசையைத் தொட வேண்டாம், நாலு போஸ்ட் போதும்.

கவின் 11.05
அளவு அனுப்புகிறேன். இந்த நாலு சதுர மி.மீ. ஒயர் இருக்கட்டுமா?

செல்வம் சித்தப்பா 11.17
உன் ஸ்பீக்கர் மூன்று மீட்டர் தூரத்தில். போக வர ஆறு மீட்டர். அரை சதுர மி.மீ. ஒயரில் அதன் மின்தடை ஏறக்குறைய 0.2 ஓம். ஒன்றரையில் 0.07 ஓம். நாலில் 0.03-க்கும் கீழே. ஸ்பீக்கர் எட்டு ஓம். ஒன்றரைக்கு மேல் போனால் உன் காது வித்தியாசம் காணாது, ஒயரின் கனம் மட்டும் முனையை இழுக்கும். ஒன்றரையே வாங்கு.

செல்வம் சித்தப்பா 11.20
சிம் லிம் டவருக்குப் போ, ரோச்சோர் எம்ஆர்டியில் இறங்கினால் பக்கம். சிம் லிம் ஸ்குவேர் இல்லை, எதிர்ப்பக்கம் இருக்கும் டவர். ஒயர், பனானா பிளக், ஒயர் முனையில் சேர்க்கும் வளைய லக், பல் வாஷர், சுருங்கும் குழாய். சோல்டர் 63/37 (வெள்ளீயம் 63, ஈயம் 37) என்று கேட்டு வாங்கு. அது 183 டிகிரியில் உருகும். பழைய பெட்டியில் இருப்பது ஈயம் கலந்த சோல்டர்தான், ஈயம் இல்லாததை அதன்மேல் கலக்காதே.

மீனா அத்தை 11.26
அந்தப் பக்கம் போனாலே அப்பா நினைவுதான். ஞாயிற்றுக்கிழமை பசியாறியதும் பழைய பொருள் விற்கும் சுங்கை ரோடு சந்தைக்குக் கிளம்பிவிடுவார். இந்த ஸ்பீக்கர் இரண்டும் அங்கே வாங்கியவை. 2017-இல் சந்தையை மூடிய அன்று கடைசியாக ஒருமுறை போய்ச் சுற்றிவிட்டு வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை

செல்வம் சித்தப்பா 9.40
பேத்தியை வகுப்பில் விட்டுவிட்டு நாலு மணிக்குப் பொங்கோல் வருகிறேன். அதுவரை மூடியைத் திறந்து வை, சோல்டரிங் இரும்பைத் தொடாதே. பெரிய கெபாசிட்டர் இரண்டிலும் மல்டிமீட்டரை டிசியில் வைத்து அளந்து பார். பிளக் பிடுங்கியிருந்தாலும் அதில் மின்சாரம் மிச்சம் இருக்கும். ஸ்குரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்யாதே, பொறி பறக்கும்.

கவின் 10.25
பிளக்கைப் பிடுங்கித் திறந்ததும் 31 வோல்ட் காட்டியது. இருபது நிமிடம் கழித்து 2. கிளிப்புக்குப் போகும் நாலு ஒயரையும் படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எழுதிவிட்டேன். தாத்தா மாதிரியே 'இ', 'வ' என்று.

மீனா அத்தை 10.27
கண்ணு.

கவின் 5.48
அத்தை, அக்கா, தகடு ஏறிவிட்டது.
(படம்)

தேவி அக்கா 5.50
கம்பெனியிலேயே வந்த மாதிரி இருக்கிறதே.

கவின் 5.57
சித்தப்பா முதலில் உள் ஒயரை லக்கில் சோல்டர் செய்தார், பிறகுதான் லக்கைப் போஸ்ட்டில் மாட்டி நட்டு முடுக்கினார். போஸ்ட்டில் நேராகச் சூடு வைத்தால் அதன் பிளாஸ்டிக் இளகிவிடுமாம். நட்டுக்கு அடியில் பல் வாஷர். ஒயரை லக்கோடு சேர்ப்பதற்கு முன்பே, தகட்டை மாட்டிவிட்டு ஒவ்வொரு போஸ்ட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவில் மீட்டர் வைத்துப் பார்த்தோம். நாலிலும் 'பீப்' வரவில்லை, அதாவது எந்தப் போஸ்ட்டும் சேசிஸைத் தொடவில்லை. கறுப்பு ஒயரைச் சேர்த்துவிட்டுப் பார்த்தால் அது உள்வழியாகச் சேசிஸோடு சேர்ந்து 'பீப்' காட்டலாம், அப்போது எது தவறு என்று தெரியாது என்றார்.

கவின் 6.10
ஸ்பீக்கர் மாட்டாமல் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஸ்பீக்கருக்கு டிசி கசிகிறதா என்று போஸ்ட்டில் அளந்தோம். இடது 18 மில்லிவோல்ட், வலது 23. ஐம்பதுக்குள் இருந்தால் நல்லது என்று சித்தப்பா சொல்கிறார்.

கவின் 6.31
இப்போது ஒன்று நடந்தது. ஒயர் முனையில் ஒன்றரை வோல்ட் டபுள் ஏ பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பார்த்தோம். சிவப்பில் பிளஸ் வைத்தால் வூஃபர் (பேஸ் தரும் பெரிய கூம்பு) வெளியே தள்ள வேண்டும். வலது தள்ளியது. இடது உள்ளே இழுத்தது!

தேவி அக்கா 6.32
அப்படியென்றால்?

செல்வம் சித்தப்பா 6.40
தேவி, இடது ஸ்பீக்கர் பெட்டிக்கு உள்ளே யாரோ பிளஸ் மைனஸை மாற்றிச் சேர்த்திருக்கிறார்கள். ஒன்று வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும். பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். பாடுகிறவர் நடுவில் நிற்காமல் அறை முழுக்கக் கலைந்து கிடப்பார். தவில் இருந்தால் தகரத்தில் அடித்த மாதிரி கேட்கும்.

மீனா அத்தை 6.44
அண்ணா! வீடு மாறி வந்ததிலிருந்து அப்பா சொல்லிக்கொண்டே இருந்தாரே, 'தவில் எங்கே போச்சு' என்று. காது மந்தமாகிவிட்டது என்று நாம்தான் அவரை மருத்துவரிடம் கூட்டிப் போனோம்.

செல்வம் சித்தப்பா 6.45
ஆமாம். வீடு மாறும் முன் இடது ஸ்பீக்கரைப் பழுதுபார்க்கக் கொடுத்தோமே. அங்கேதான் மாறியிருக்கிறது. அவர் காதில் குறை இருக்கவில்லை மீனா.

கவின் 7.05
உள்ளே மாற்றிச் சேர்த்துவிட்டோம். பேட்டரி வைத்தால் இப்போது இரண்டும் வெளியே தள்ளுகின்றன. ஒலி 96.8 வானொலி போட்டிருக்கிறோம், நாதஸ்வரம் ஓடுகிறது. பாட்டிக்குப் போனில் பிடித்து அனுப்பினேன்.

பாட்டி 7.12
(குரல் பதிவு, 0.21)

மீனா அத்தை 7.16
அம்மா சொல்வது உங்களுக்குப் புரிந்ததோ என்னவோ. 'போனில் எனக்குக் கேட்காது, நேரில் வந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறேன்' என்கிறார். அடுத்த சனிக்கிழமை அழைத்து வருகிறேன்.

செல்வம் சித்தப்பா 7.20
அழைத்து வா. பழைய கிளிப் வரிசையைத் துடைத்து, திருகாணியோடு உறையில் போட்டுப் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கிறோம். அப்பா எழுத்தில் கை வைக்கவில்லை, அதற்குக் கீழேதான் புதுத் தகடு உட்கார்ந்திருக்கிறது.

கவின் 7.22
நாற்காலி அக்கா வீட்டில் இருக்கிறது. அக்கா, வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளட்டுமா?

தேவி அக்கா 7.23
வா. ஏழு மணிக்கு மேல் வா, சாப்பிட்டுவிட்டே எடுத்துப் போகலாம்.