பெத்தனகோல் குளிசை யாழ்ப்பாணத்தில் எங்கே எடுக்கலாம்?

உறவுகளே, வணக்கம். கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு ஹேர்னியா ஒப்பரேசனுக்குப் பிறகு சலம் போகவில்லை. சலம் போக வைத்திருந்த குழாயை (கதீற்றர்) கழற்றியும் அதே கதை. ஸ்கேனில் அடைப்பு இல்லை என்று தெரிந்த பிறகுதான் பெத்தனகோல் 25 மில்லிகிராம், நாளுக்கு மூன்று தரம் எழுதினார்கள். சலப்பையின் தசையைச் சுருங்க வைக்கும் மருந்தாம். குடலையும் சும்மா விடாது. வயிறு கடமுடா என்று கத்துவது அடுத்த அறைக்கே கேட்கிறது.

முதல் நாள் புட்டும் சொதியும் சாப்பிட்ட கையோடு கொடுத்துவிட்டேன். அரை மணித்தியாலத்தில் வியர்த்துக் கொட்டி, வாயூறி, சத்தி. பிழை என்னுடையதுதான். சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்னர் அல்லது இரண்டு மணித்தியாலம் கழித்துக் கொடுக்க வேண்டுமாம். இப்போது பரவாயில்லை.

மலச்சிக்கலுக்கு நல்லதென்று அம்மாவும் கை நீட்டினார். அவருக்குத் தொய்வு இருக்கிறது, இது மூச்சை இறுக்கிவிடும். பெட்டியை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்!

சரி, விசயத்துக்கு வருகிறேன். கையில் ஒன்பது குளிசைதான், மூன்று நாளுக்குக் காணும். ஆஸ்பத்திரி வீதியில் நான்கு பாமசி ஏறி இறங்கியும் இல்லை. வேறு எங்கே கிடைக்கும்? வவுனியா, கொழும்பு என்றாலும் சரி, பஸ்ஸில் போட்டுவிட்டால் எடுத்துக்கொள்வேன். டொக்டரின் துண்டு இருக்கிறது. பாவித்தவர்கள் இருந்தால், இந்த வியர்வை எத்தனை நாளில் குறைந்தது என்றும் சொல்லுங்கோ.