திருச்சி – நியூயார்க் எத்தனை மணி நேரம்? (குடும்பக் குழு, ஞாயிறு இரவு)

காரைக்குடி ஆச்சி: திருச்சியில இருந்து நியூயார்க் எத்தனை மணி நேரம்ப்பா? ஒருத்தர் 19ங்கிறாக, ஒருத்தர் 23ங்கிறாக, மாமா 31ங்கிறாக. எது சரி?

பள்ளத்தூர் அண்ணன்: சிங்கப்பூர்ல மாறிப் போனா மூணும் சரிதான் ஆச்சி. சிங்கப்பூர்–நியூயார்க் ஒரே விமானம் 18 மணி 40 நிமிஷம் கிட்ட. திருச்சி–சிங்கப்பூர் 4¼ மணியச் சேத்தா பறக்கிறது மட்டும் 23. மாமா சொல்ற 31 வீட்டு வாசல்ல இருந்து.

தேவகோட்டை மாமா: ஆமா. நேரத்தப் பின்னால இருந்து எண்ணணும். சிங்கப்பூர்ல ராத்திரி 12 மணிக்கு விமானம்னு வைங்க. நம்ம நேரம் 9.30. அங்க சாங்கி ஏர்போர்ட்ல 3 மணி நேரம் கையில இருக்கணும். அப்ப திருச்சியில மதியம் 2.15க்கு மேல கிளம்புற விமானம் ஆகாது. 11.15க்கு ஏர்போர்ட், காலையில 9 மணிக்கெல்லாம் கார் ஏறிரணும்.

கடைக்குட்டி தம்பி: 15,300 கி.மீ. தானே மாமா? மணிக்கு 900ன்னா 17 மணி நேரத்துல போயிரணுமே?

பள்ளத்தூர் அண்ணன்: தம்பி, வீட்டு குளோப்ல ஒரு நூல எடுத்து சிங்கப்பூர்ல ஒரு முனை, நியூயார்க்ல ஒரு முனை வச்சு இழுத்துப் பிடி. வட துருவத்த ஒட்டிப் போகும். அந்த நூலோட நீளம்தான் 15,300. போறப்ப பெரும்பாலும் அந்த வழியப் பிடிக்க மாட்டாங்க. பசிபிக் மேல சுத்திப் போவாங்க, 16,000 கி.மீ.யத் தாண்டிரும். மேக்க இருந்து கிழக்க வீசுற ஜெட் காத்து பின்னால இருந்து தள்ளும், அதனால தூரம் கூடினாலும் நேரம் மிச்சம். ஓடுபாதையில ஊர்ந்து போறது, மேல ஏறுறது, இறங்க வரிசையில நிக்கிறதும் கணக்குல சேரும்.

கோனாபட்டு அக்கா: அவ்வளவு தூரம் நிக்காமப் பறக்கன்னே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வச்சிருக்கிற விமானம் ஏ350-900 யூஎல்ஆர். 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். எடை குறையணும்னு மொத்தமே 161 சீட்டுதான்: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதா எகானமியே கிடையாது. டிக்கெட் விலை கூடுதலாத் தெரியறது அதனாலதான் ஆச்சி.

காரைக்குடி ஆச்சி: அங்க போய்ச் சேர்றது என்னைக்கு?

தேவகோட்டை மாமா: திருச்சியில கிளம்பினதுக்கு மறுநாள். ராத்திரி 12க்கு ஏறினா கோடையில அங்க காலை 6.40, நம்ம ஊர்ல சாயந்திரம் 4.10. குளிர்காலத்துல அவங்க கடிகாரம் ஒரு மணி பின்னால போயிரும், 5.40ன்னு காட்டும். கூப்பிட வர்றவங்களுக்குத் தேதிய எழுதியே அனுப்புங்க. அங்கதான் எல்லாரும் ஒரு நாள் தப்பா எண்றாக.

கோனாபட்டு அக்கா: முக்கியமானது ஒண்ணு. ரெண்டு பயணமும் ஒரே பி.என்.ஆர்.ல, அதாவது ஒரே டிக்கெட் பதிவு எண்ல இருக்கணும். தனித்தனியா வாங்கினா பெட்டி சிங்கப்பூர்ல இறங்கிரும். அத எடுக்க இமிக்ரேஷன் தாண்டணும். முத விமானம் லேட்டாகி அடுத்தது போயிருச்சுன்னா யாரும் பொறுப்பு இல்ல. திருச்சி கவுண்டர்லயே ரெண்டு போர்டிங் பாஸ் வாங்கி, பெட்டி டேக்ல நியூயார்க் ஏர்போர்ட் பேரு ஜே.எஃப்.கே.ன்னு இருக்கான்னு படிச்சுப் பாருங்க.

பள்ளத்தூர் அண்ணன்: இன்சுலின் கைப்பையில, டாக்டர் சீட்டோட. சரக்கு அறைக் குளிர்ல உறைஞ்சா கெட்டுரும். கடிகாரம் மாறுறதால எந்த ஊசி எந்த நேரம்னு டாக்டர்ட்ட எழுதி வாங்கிக்கங்க. ரெண்டு மணிக்கொரு தரம் எந்திரிச்சு நடங்க ஆச்சி, இல்லன்னா கால் வீங்கிரும்.

காரைக்குடி ஆச்சி: கவுனி அரிசி ரெண்டு கிலோ கட்டி வச்சிருக்கேன்.

கோனாபட்டு அக்கா: வேண்டாம் ஆச்சி. தானியத்த அரிக்கிற கப்ரா வண்டுக்குப் பயந்து இந்தியாவுல இருந்து பயணிங்க கொண்டு வர்ற அரிசிய அமெரிக்கால விடுறதில்ல. பச்சக் கருவேப்பிலையும் ஆகாது. சீப்புச் சீடை, மணகோலம் கட்டுங்க.