கூபே (இரண்டு கதவும் சரிந்த கூரையும் கொண்ட கார்) வாங்கும்போது உங்கள் முடிவை மாற்றியது டர்போ என்ஜினா, வண்டியின் தோற்றமா? அனுபவங்களைப் பகிருங்கள்

மலைச்சாலைப் பயணி (ஸ்டுட்கார்ட்)

இரண்டு ஆண்டுகள் ஆகியும் ஒரு மாலைப்பொழுது என் மனத்தை விட்டு அகலவில்லை. போர்ஷே 718 கேமன் எஸ், பிஎம்டபிள்யூ எம்240ஐ ஆகிய இரண்டையும் ஒரே நாளில் வாடகைக்கு எடுத்து, நானும் என் தம்பியும் பாடன்-பாடனிலிருந்து ஃப்ராய்டென்ஸ்டாட் செல்லும் பி500 மலைச்சாலையில் மாற்றி மாற்றி ஓட்டினோம். கேமன் எஸ்ஸில் இருப்பது 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர், 350 குதிரைத்திறன், 420 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. எம்240ஐயில் 3 லிட்டர், ஆறு சிலிண்டர், 374 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர். இரண்டிலும் ஒரே ஒரு டர்போதான் (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி).

வளைவுக்குள் நுழைவதில் கேமனுக்கு இணை கிடையாது; என்ஜின் இருக்கைக்குப் பின்னால், வண்டியின் நடுப்பகுதியில் இருப்பதால் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதே மூக்கும் திரும்பிவிடுகிறது. ஆனால் வளைவிலிருந்து வெளியேறி ஆக்சிலரேட்டரை மிதித்த அந்தக் கணத்தில் எனக்கு எம்240ஐதான் பிடித்தது. முன் மூன்று சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வாயுவும் பின் மூன்றின் வாயுவும் தனித்தனி வழியாக டர்போவுக்குச் செல்வதால் ஒன்றின் அழுத்தம் மற்றொன்றைக் குலைப்பதில்லை. மிதித்த கால் ஊன்றுவதற்குள் இழுவை வந்துவிடுகிறது. கேமனின் நான்கு சிலிண்டர் ஓசை என் காதுக்கு ஒட்டவில்லை. 2016-க்கு முன்பு அதே காரில் இருந்த 3.4 லிட்டர் ஆறு சிலிண்டரின் குரலை நான் முன்பே கேட்டுப் பழகியிருந்ததுதான் அதற்குக் காரணம்.

மும்மெல்சே ஏரிக்கரையில் இரண்டையும் அருகருகே நிறுத்திவிட்டுத் தேநீர் அருந்தச் சென்றோம். "அண்ணா, முடிவு செய்துவிட்டாயா?" என்று தம்பி கேட்டான். "பிஎம்டபிள்யூதான்" என்று சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். என் கண்கள் சென்றது கேமனிடம்: பின்சக்கரத்தின் மேல் எழும் அந்தத் தோள், கதவுக்குப் பின்னால் உள்ள காற்றுத் துளை, மாலை வெயிலில் கூரையிலிருந்து வால்வரை உடையாமல் இறங்கிய ஒரே கோடு. எம்240ஐயைத்தான் வாங்கினேன். என்ஜினில் எந்தக் குறையும் இல்லை. ஆயினும் அதை நிறுத்திவிட்டு நடக்கும்போது நான் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

கடற்கரைச்சாலை (சென்னை)

நண்பர் என்ஜினைத் தேர்ந்தெடுத்ததையே தவறு என்று சொல்வேன். என் உறவினர் ஒருவரிடம் ஆடி ஆர்எஸ்5 காரின் இரண்டு தலைமுறைகளும் இருந்தன, இரண்டையும் ஓட்டியிருக்கிறேன். பழையதில் டர்போ இல்லாத 4.2 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்கள் இரு வரிசையாக வி வடிவில் அமைந்தது), புதியதில் 2.9 லிட்டர் வி6, இரட்டை டர்போ. இரண்டுக்கும் அதே 450 குதிரைத்திறன்தான், ஆனால் முறுக்குவிசை 430-இலிருந்து 600 நியூட்டன் மீட்டராக உயர்ந்துவிட்டது. டர்போக்களை வி வடிவத்தின் உட்பள்ளத்திலேயே வைத்திருப்பதால் எக்ஸாஸ்ட் வாயு கடக்க வேண்டிய தொலைவு மிகவும் குறைவு. உத்தண்டி சுங்கச்சாவடியைத் தாண்டியதும் புதிய வண்டி, என்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுழற்சியில் இருக்கும்போதே பாய்ந்தது. பழைய வி8 தன் முழுத்திறனைக் காட்ட 8,250 சுழற்சி வரை ஏற வேண்டும், அதற்கு இந்தச் சாலையில் இடமே இல்லை.

இவ்வளவு வேறுபாடு இருந்தும் எனக்கு நினைவில் நிற்பது வேறு ஒன்று. கோவளத்துக்கு அருகில் தேநீர்க் கடையில் நிறுத்தியபோது, கடைக்காரப் பெரியவர் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து, சக்கரத்தின் மேலுள்ள புடைப்பைத் தொடாமல் அதன் மேலாக உள்ளங்கையை நகர்த்தி, "இந்த இடத்துல மட்டும் ஏன் தம்பி இப்படிப் பொங்கியிருக்கு?" என்று கேட்டார். 1980-இல் வந்த ஆடி குவாட்ரோவிலிருந்து தொடர்ந்து வரும் புடைப்பு அது. அகலமான சக்கரங்களை மூடுவதற்காக எழுந்த வடிவம். கார்களைப் பற்றி எதுவும் அறியாத ஒருவர் அந்த வண்டியின் வரலாற்றின் மீது நேராகக் கை வைத்ததை நான் மறக்கவில்லை. போக்குவரத்து நெரிசலில் 600 நியூட்டன் மீட்டரை எத்தனை நொடிகள் பயன்படுத்திவிட முடியும்? தோற்றத்தை ஒவ்வொரு நாளும் பார்க்கிறோம்.

வடகடல் (ஹாம்பர்க்)

தோற்றமே போதும் என்பவருக்காக இதை எழுதுகிறேன். 1998-இல் வந்த முதல் தலைமுறை ஆடி டிடியின் வழுவழுப்பான பின்பகுதி எனக்கு மிகவும் பிடிக்கும். அதிவேகத்தில் நடந்த விபத்துகளுக்குப் பிறகு 2000-இல் அதற்குச் சிறு பின்சிறகும் மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடும் சேர்க்கப்பட்டன. நான் வாங்கிய பழைய வண்டியில், முன்னாள் உரிமையாளர் அழகுக்காகச் சிறகைக் கழற்றிவிட்டிருந்தார். எனக்கும் அப்படித்தான் பிடித்திருந்தது. ஒரு மழைநாளில், ஆட்டோபானில் (ஜெர்மனியின் விரைவுச்சாலை), நீண்ட வளைவு ஒன்றில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த கணத்தில் பின்பகுதி எடையிழந்து மிதப்பதை இருக்கையின் அடியில் உணர்ந்தேன். அடுத்த வாரமே சிறகைத் தேடி வாங்கிப் பொருத்தினேன். அந்த 1.8 லிட்டர் டர்போவுக்கு 225 குதிரைத்திறன்தான். அந்த வடிவத்துக்கு அதுவே அதிகமாகிவிட்டது.

எண்ணெய்க்கறை (கோயம்புத்தூர்)

நான் பிஎம்டபிள்யூ எம்2 ஒன்றை ஒரே ஒருமுறைதான், அதுவும் அரைமணி நேரம்தான் ஓட்டியிருக்கிறேன். மூன்றாம் கியரில் அது முதுகை அழுத்தியது இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் இங்கே எழுதியவர்கள் ஒப்பிட்ட முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

டர்போவை அளக்க முழு வேகத்தில் மிதிப்பது பயனற்றது. உயர்ந்த கியரில் 1,500 சுழற்சியில் அமைதியாகச் சென்றுகொண்டிருக்கும்போது பாதி மட்டும் மிதித்து, இழுவை வர எவ்வளவு நேரமாகிறது என்று மனத்துக்குள் எண்ணுங்கள். அன்றாடம் நீங்கள் வாழப்போவது அந்த இடைவெளியோடுதான். ஓசையைக் கேட்டு முடிவு செய்பவர்கள் கண்ணாடிகளை இறக்கிவிட்டுக் கேளுங்கள், ஏனெனில் இன்று பல கார்களில் என்ஜின் ஓசையின் ஒரு பகுதி ஒலிபெருக்கி வழியாகத்தான் வருகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுழற்சியைத் தாண்டிச் சுழலும் டர்போவின் தண்டு எண்ணெய்ப் படலத்தின் மீதுதான் மிதக்கிறது. எனவே, எண்ணெய் சூடேறும் முன் வண்டியை விரட்டுபவர்கள் எந்த என்ஜினை வாங்கினாலும் ஒன்றுதான். நிறுத்தும் முன் சில நிமிடங்கள் சும்மா ஓடவிட வேண்டும் என்ற பழைய அறிவுரை இன்று அவ்வளவு அவசியமில்லை, பல வண்டிகளில் என்ஜின் நின்ற பிறகும் மின்பம்பு குளிர்நீரைச் சுற்றவிடுகிறது. ஆனாலும் மலையேறி முடித்தவுடன் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். தோற்றத்தைக் காட்சியறையின் விளக்கொளியில் பார்த்து ஒருபோதும் முடிவு செய்யாதீர்கள். நண்பகல் வெயிலில், முப்பது அடி தள்ளி நின்று பாருங்கள். பின்னிருக்கையில் உங்கள் குடும்பத்தில் மிக உயரமானவரை உட்கார வையுங்கள், தலை கூரையில் இடித்தால் அந்தக் கூரைக்கோட்டின் அழகுக்கு யார் விலை கொடுக்கிறார் என்பது தெரிந்துவிடும்.

மலைச்சாலைப் பயணி (ஸ்டுட்கார்ட்)

கோயம்புத்தூர் நண்பருக்கு: கண்ணாடிகளை இறக்கித்தான் கேட்டேன், சாலையோர மரங்களில் பட்டுத் திரும்பிய ஓசையைத்தான் சொன்னேன். சென்னை நண்பர் சொன்ன புடைப்பைப் படித்தபோது அந்த ஏரிக்கரைதான் மீண்டும் நினைவுக்கு வந்தது. 2020-இல் அதே 718 உடலில், டர்போ இல்லாமல், 4 லிட்டர் ஆறு சிலிண்டரும் 400 குதிரைத்திறனுமாக ஜிடிஎஸ் 4.0 வந்தது; அன்று அது என் கைக்கு எட்டாத விலை. பழைய வண்டி ஒன்று விற்பனைக்கு வந்திருப்பதாகத் தம்பி நேற்று தகவல் அனுப்பியிருக்கிறான். சனிக்கிழமை காலை இருவரும் பார்க்கச் செல்கிறோம்.