அக்னிவீருக்கு வருஷத்தில் 90 நாள் லீவா?

பென்னாகரத்தான்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "அக்னிவீர் பசங்களுக்கு என்ன கஷ்டம்? கட்டாய ராணுவம் மாதிரி நாலு வருஷம். அதிலும் வருஷத்துக்கு 90 நாள் லீவு." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. என் தம்பி அக்னிவீராக, அதாவது நாலு வருஷத்துக்கு மட்டும் சேர்த்த ராணுவ வீரனாக, லடாக்கில் இருக்கிறான். அவனுக்கு 30 நாள்தான்.

ஓசூர் மைந்தன்:
எழுதியது நான்தான். என் பெரியப்பா 17 வருஷம் ராணுவத்தில் இருந்தவர். வருடாந்திர லீவு 60, கேஷுவல் லீவு 30. கூட்டிப் பாருங்கள், 90 வரும்.

பென்னாகரத்தான்:
உங்கள் பெரியப்பா பழைய முறையில் சேர்ந்தவர். 2022 ஜூனில் அறிவித்த, அக்னிவீர்களைச் சேர்க்கும் அக்னிபத் திட்டத்தில் 30தான். முப்பது! கஷ்டம் என்ன என்று கேட்டீர்களே, கேளுங்கள். ராத்திரி சென்ட்ரி டியூட்டி முடிந்து வந்தால் குடிக்க வைத்த தண்ணீர் கட்டியாக இருக்கும். புகாரி அடுப்பின் மேல் பனியை அள்ளிப் போட்டு உருக்க வேண்டும். 15,000 அடி உயரத்தில் தண்ணீர் 85 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாவிட்டால் சோறு வேகாது. களி தின்று வளர்ந்த பையன் அரைவேக்காட்டு அரிசியை மென்றிருக்கிறான். சாக்ஸ் ஈரமானால் விரல் கருத்துவிடும் என்று சுபேதார் தினமும் காலைக் காட்டச் சொல்கிறாராம். தம்பிக்கு வயது 20.

அரூர் ராசா:
கட்டாய ராணுவம் என்றால் என்ன என்று முதலில் பேசுங்கள். தென் கொரியாவில் உடல் தகுதியுள்ள ஆண்கள் போயே ஆக வேண்டும், தரைப்படை என்றால் 18 மாதம். இங்கே மனு போட்டு, ஓடித் தேறித்தான் சேர்கிறார்கள்.

ஓசூர் மைந்தன்:
கொரியா எதற்கு? 90 நாள் உண்டா இல்லையா?

பாலக்கோட்டார்:
முதல் வருஷம் சம்பளம் 30,000. அதில் 9,000 நாலு வருஷம் முடிந்ததும் மொத்தமாகத் தரும் சேவா நிதிக்குப் போய்க் கையில் வருவது 21,000. ஓசூர் கம்பெனிகளில் இதைவிடக் குறைவாக வாங்கும் ஒப்பந்தப் பசங்களைக் கேட்டால் லீவின் அருமை தெரியும்.

ஓசூர் மைந்தன்:
அந்தக் கம்பெனிகளுக்குத்தானே தர்மபுரியிலிருந்து பஸ் ஏறி வருகிறீர்கள்?

பாலக்கோட்டார்:
2004 வரைக்கும் நீங்களும் தர்மபுரி மாவட்டம்தான். போன மாதம் மாங்காய் விலை பேசும்போதும் இப்படித்தான் ஊரை இழுத்தீர்கள்.

ஓசூர் மைந்தன்:
தக்காளி விலைக்கு நீங்கள் என்ன பேச்சுப் பேசினீர்கள்? நான் மறக்கவில்லை.

ஊத்தங்கரை முன்னாள் ராணுவத்தான்:
எங்கள் காலத்தில் 90 உண்டு. ஆள் குறைவு என்றால் அதையும் நிறுத்துவார்கள். வீட்டுக்கு இன்லேண்ட் லெட்டர்தான். இப்போது பசங்க கையில் போன் இருக்கிறது.

பென்னாகரத்தான்:
போன் இருந்து என்ன ஐயா, காவல் போஸ்டில் சிக்னல் வேண்டாமா? பதினோரு நாள் பேச்சே இல்லாமல் அம்மா சாப்பிடாமல் கிடந்தது எங்களுக்குத்தான் தெரியும். நாலு வருஷம் முடிந்தால் 100 பேரில் 25 பேர் வரைக்கும்தான் உள்ளே, மற்றவர்களுக்குப் பென்ஷனும் இல்லை. உங்களோடு இவர்களைச் சேர்க்காதீர்கள். ஜம்முவிலிருந்து ரயிலில் ஜோலார்பேட்டை வரவே இரண்டரை நாள் ஆகிறது. போன முறை வந்தவன் ஒகேனக்கல் பக்கம்கூடப் போகவில்லை, தூங்கியே கழித்தான். 30 நாள். இன்னும் எத்தனை தடவை எழுத வேண்டும்?

அரூர் ராசா:
நான் கேட்டதற்கு யாருமே பதில் சொல்லவில்லை.

ஓசூர் மைந்தன்:
இப்போதுதான் பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். 90தான் என்கிறார்.