பைனாகுலரில் இரட்டைப் பிம்பம்: சரிசெய்யும் கடை எங்கே?

வழிகாட்டியோடு போகும் பறவை பார்க்கும் பயணத்தில், பாதி வழியில் மாட்டிக்கொண்டேன். டாப்சிலிப் காட்டில் மலை இருவாச்சியைப் பார்த்தவரை குறையில்லை. மலையிறங்கும்போது ஜீப் குலுங்கியதில் பைனாகுலர் இருக்கையிலிருந்து தெறித்து விழுந்தது. இப்போது வேடந்தாங்கலில் ஒவ்வொரு நத்தைகுத்தி நாரையின் தலைமீதும் இன்னொரு நாரை நிற்கிறது.

கருவி 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மி.மீ.), போரோ பட்டக வகை (உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடிப் பட்டகங்கள் இருக்கும்), வாங்கி மூன்று ஆண்டுகள். ஒரு கண்ணை மூடிக்கொண்டால் எந்தக் குழாயிலும் படம் தெளிவு. இரு கண்ணாலும் பார்த்தால் பிம்பம் மேலும் கீழுமாகப் பிரிந்து, சிறிது நேரத்தில் தலைவலி. உள்ளே ஈரமோ பூஞ்சையோ இல்லை.

நடுச் சக்கரம், வலக்கண் வளையம், கண்களுக்கிடையேயான அகலம் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். செங்கல்பட்டில் கேமரா பழுதுபார்ப்பவர் தொடவே மறுத்துவிட்டார். தயாரித்த நிறுவனம் ஒரு மாதம் கேட்கிறது. வழிகாட்டியின் தொலைநோக்கிக்கோ எப்போதும் வரிசை. கரையோரப் பறவையான உள்ளான் அதுவரை காத்திருக்குமா என்ன!

ஞாயிறன்று கோடியக்கரை. பூநாரைக் கூட்டத்தை வெறுங்கண்ணாலும் பார்க்கலாம், சேற்றில் ஓடும் சிறு உள்ளான்களை இனம் பிரிக்க முடியாது.

சனிக்கிழமைக்குள் பட்டகத்தை நேர்ப்படுத்தித் தரும் கடை சென்னையிலோ நாகப்பட்டினம் போகும் வழியிலோ எங்கே இருக்கிறது?